ஐஸ் உடையுது!

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? ஏரி உறைந்துவிட்டதா? அரிசோனாவில் நான் சௌக்கியம்.

கோபப்படக் கூடாது. நம் ஊரை உதறிவிட்டு இங்கே குடிவந்த ‘ஐஸ்மென்’ அணியின் ஆட்டத்துக்குப் போனேன். அவர்கள் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்ததும், “ஐஸ் உடையுது!” என்று அரங்கமே கத்தியது. நான் பதறி எழுந்ததில் பக்கத்து இருக்கை டெல்ஃபினாவின் மடியில் அவள் பீர் கொட்டிவிட்டது.

“என்னய்யா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

“எதிராளி நம்ம கோட்டுக்கிட்ட வந்தாத்தானே அப்படிக் கத்தணும்?”

“போய்யா! அது சந்தோஷக் கூச்சல்.”

நம் ஊர் ஏரியில் ஐஸ் வெட்டி விற்றவர்கள்தான் இந்த அணியைத் தொடங்கினார்கள், விரிசல் கண்டால் ஓடச் சொல்லும் குரல் அது என்றேன். “இந்த வெயில்ல ஏரி ஏது, ஐஸ் ஏது?” என்று சிரித்தாள். எச்சரிக்கை எப்போது கொண்டாட்டமாக மாறியது, அப்பா?

கடைசி நிமிடத்தில் எதிரணி நம் கோட்டருகே வந்துவிட்டது. அரங்கம் வாயடைத்திருந்தது. என்னையறியாமல், “ஐஸ் உடையுது!” என்று கத்தினேன். எதிரணியின் ஆள் என்று நினைத்து எல்லோரும் முறைத்தார்கள். அப்போது மேல் வரிசையிலிருந்து இன்னொரு குரலும் அதையே கத்தியது. வயதான குரல். ஆட்டம் முடிந்து தேடினேன், ஆள் அகப்படவில்லை.

பரணில் இருக்கும் என் நீலக் கம்பளிக் குல்லாவை அனுப்புங்கள், அணி நம் ஊரில் இருந்தபோது வாங்கியதை. இங்கே வெயில் கொளுத்துகிறதுதான். ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் அந்த ஆள் என்னைக் கண்டுபிடிக்க வேண்டாமா?

பஸ் வந்துவிட்டது.

வெண்டல்