சொதப்பல் என்று தேடினால்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் என் நாற்காலியைக் காணோம். மேல்மாடி மீட்டிங்குக்கு யாரோ உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாதி நாள் ஸ்டூலில் உட்கார்ந்தே எடிட் செய்தேன், இடுப்பு விட்டுப்போச்சு. வெளியில் கேட்டால், "விளையாட்டுச் சேனல்லயா வேலை? குடுத்து வச்சவங்க, எல்லா மேட்ச்சையும் ஓசியில பாக்கலாம்" என்கிறார்கள். நான் ஒரு மேட்ச்சை முழுசாகப் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது. எனக்குக் கிடைப்பதெல்லாம் துண்டுதான். விழுந்தான், உதைத்தாள், அழுதான் — வெட்டு, ஒட்டு, தலைப்புப் போடு, ஜனங்களின் போனுக்குத் தள்ளிவிடு.

எங்கள் டெஸ்க் ஹெட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் வியூஸ். குட்மார்னிங் சொன்னால், "நேத்து வியூஸ் எவ்வளவு?" என்று பதில் சொல்கிற மனிதர். இன்று புதுச் சட்டம் போட்டிருக்கிறார்: எந்தக் கிளிப்பும் ஒன்பது செகண்டைத் தாண்டக் கூடாது. கோல் விழவே அதற்கு மேல் ஆகுமே சார் என்றேன்.

"நடுவுல ஆரம்பிம்மா. எவன் கேக்கப்போறான்?"

மார்ச் 8, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதித் தொலைத்துவிட வேண்டும்.

பெண்கள் ஃபுட்பால் லீக் அரையிறுதி. ஒரு அணியின் கோல்கீப்பர் சின்னப் பெண், முதல் சீசன். பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணிக்காரியின் முழங்கால் அவள் காதோரம் இறங்கியது. பந்து வெளியே போய்விட்டதால் மெயின் கேமராவும் அதன் பின்னாலேயே போய்விட்டது. ரெஃப்ரி பார்க்கவில்லை. டிவியில் வரவும் இல்லை. கோலுக்குப் பின்னால் வைத்திருக்கும் கேமராவில் மட்டும் பதிவானது, அது என் ஸ்க்ரீனுக்குத்தான் வரும். அந்தப் பெண் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலையை உதறினாள். எதிரணி கார்னர் அடித்தது. பந்து அவள் இரண்டு கைக்கும் நடுவே புகுந்து உள்ளே போனது. அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுவிடுவார்களோ என்று பயந்தேன், எப்படியோ கடைசியில் ஜெயித்து ஃபைனலுக்குப் போய்விட்டார்கள்.

"கார்னர்லேர்ந்து எடு" என்றார் வியூஸ், என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"சார், அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு அடிபட்டிருக்கு. இதைப் பாருங்க."

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "ஐயோ பாவம்" என்றார். பிறகு, "கார்னர்லேர்ந்து எடு" என்றார்.

தலைப்பையும் அவரே அடித்தார்: சொதப்பல் ராணி. அவருக்கு அந்த வார்த்தை மீது அப்படி ஒரு பாசம். பழைய வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் லைப்ரரியில் கிளிப்பைத் தேடி எடுப்பதற்கென்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் ஒட்டுவோம். அதற்கும் 'சொதப்பல்' என்றே ஒட்டினார்.

வெட்டிக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாதா? முடியாது என்று யார் சொன்னது?

மேட்ச் முடிந்ததும் நிருபர் மைக்கை நீட்டி, அந்த கோலில் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். "தெரியலை" என்றாளாம். அதுவும் ஒரு கிளிப். 'கோலை விட்டுட்டு தெரியலையாம்!'

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அம்மா போனை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சித்தி அனுப்பினாளாம். "என்னடி இந்தப் பொண்ணு, கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே தூங்குது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தலையில அடி வாங்கிட்டு நிக்கறாம்மா அவ" என்று கத்திவிட்டேன்.

அம்மா திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். "இதுல அது இல்லையே?"

"இல்லதான். நான்தான் வெட்டினேன்."

"அப்ப என் மேல ஏன் எரிஞ்சு விழற?"



மார்ச் 10, திங்கள்

முழுசாக ஒன்று போடுவோம் என்று வியூஸிடம் போய் நின்றேன். அவர் சொன்னது அப்படியே:

"சிரிச்சு முடிச்சவன்கிட்ட போய், இது சிரிக்கிற விஷயம் இல்லைனு சொன்னா, அவன் நம்மளைத்தான் திட்டுவான். உனக்கு இந்த வேலையோட சூட்சுமமே புரியலைம்மா."

புரிகிறது சார். நன்றாகவே புரிகிறது. சூட்சுமமாம் சூட்சுமம்! ஒரு பெண்ணின் மண்டையில் இடி விழுந்திருக்கிறது, இந்த ஆள் அதில் குளிர் காய்கிறார். அந்தக் கிளிப்புக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு எரிகிறது. அவள் அப்பா அம்மாவும் படிப்பார்கள்தானே.

மார்ச் 11, செவ்வாய்

அவளுடைய அணி மேனேஜருக்கு நானே போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். "வீடியோ இருந்தா அனுப்புங்க மேடம், அது இல்லாம நான் என்ன பண்றது? அவளும் ஒண்ணும் இல்லைங்கறா" என்றார். வீடியோ வெளியே போக வேண்டுமென்றால் வியூஸ் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்று சொன்ன எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

மார்ச் 13, வியாழன்

ஃபைனலுக்கு அணி அறிவித்துவிட்டார்கள். அவள் இல்லை. மனதளவில் தயாராக இல்லையாம். அடுத்த சீசனுக்கும் எடுக்கமாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். முதல் சீசனே கடைசி சீசன். ஒன்பது செகண்ட். நாசமாப் போக.

மார்ச் 14, வெள்ளி

ஒன்று தோன்றியிருக்கிறது. எழுதமாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

செய்துவிட்டேன்.

ஃபைனலின் இடைவேளையில், இரண்டு அணியும் எப்படி இதுவரை வந்தன என்று ஒரு தொகுப்பு ஓடும். அதை வெட்டுவது என் வேலை. போனில் போகாது, டிவியில் மட்டும். அதற்கு வியூஸ் கிடையாது என்பதால் நம் வியூஸ் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அரையிறுதி வரும் இடத்தில் கோலுக்குப் பின்னால் இருந்த கேமராவின் காட்சியை வைத்தேன். முழங்கால் இறங்குவதிலிருந்து பந்து உள்ளே போவது வரை. வெட்டே இல்லாமல்.

வர்ணனை செய்வது கமெண்டரி அக்கா. ஆடுகிற காலத்தில் அவரும் கோல்கீப்பர்தான். வாய் ஓயாமல் பேசுகிறவர். அந்த இடம் வந்ததும் பேச்சு நின்றது. என் ஹெட்போனில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு பேசினார்.

"அன்னைக்கு இந்தப் பொண்ணை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்களா? என்ன ஆச்சுன்னு கேட்டதுக்குத் தெரியலைன்னு சொன்னா. நாம எல்லாரும் சிரிச்சோம். அவளுக்கு நிஜமாவே தெரிஞ்சிருக்காது."



அம்மா போன் பண்ணினாள். "நான் சிரிச்சேனே, அந்தப் பொண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். "சித்திக்கு நான் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

வயிற்றெரிச்சலைக் கேள். காலையில் ஆபீஸுக்குப் போவதற்குள் எங்கள் சேனலின் பேஜிலேயே புதுக் கிளிப்: 'நாங்கள் வெளிக்கொண்டு வந்த உண்மை'. வெளிக்கொண்டு வந்தாராம்! அதையும் ஒன்பது செகண்டுக்குள் வெட்டிப் போட்டிருக்கிறார். வியூஸ் பிய்த்துக்கொண்டு போகிறது. ஸ்வீட் வேறு கொடுத்தார்கள். தொடவில்லை.

மத்தியானம் வியூஸ் கூப்பிட்டார். "நல்ல வேலை பண்ணியிருக்கே. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல பாரு." நாளையிலிருந்து நான் லைப்ரரியில். கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது. "தண்டனைன்னு நினைக்காதம்மா. ரொடேஷன்."

நாற்காலியை நானே உருட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். இதையாவது எவனும் எடுக்கமாட்டான்.

ஏப்ரல் 2, புதன்

கமெண்டரி அக்கா கீழே வந்திருந்தார். அந்தக் கோல்கீப்பர் பெண்ணைப் பரிசோதித்துப் பார்த்ததில் மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சில மாதம் பந்தைத் தொடவே கூடாது. இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டார். மேனேஜர் அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாராம். அடுத்த சீசனுக்கு அவள் உண்டு.

மேலே இருக்கிற ஒருத்தருக்கும் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா போன பிறகு சும்மா தேடிப் பார்த்தேன். 'சொதப்பல்' என்று அடித்தால் முதலில் வந்து நிற்பது அவள்தான். இன்னும் பத்து வருஷம் கழித்து வேறு எவனாவது அடித்தாலும் அவளேதான் வருவாள். பழைய டேக்கை மாற்றும் அதிகாரம் இந்தக் கட்டிடத்திலேயே லைப்ரரிக்கு மட்டும்தான் உண்டாம். இது தெரிந்திருந்தால் வியூஸ் என்னை கேன்டீனுக்கு அனுப்பியிருப்பார்.

ஆகஸ்ட் 9, சனி

புது சீசன், முதல் மேட்ச். இன்டர்காம் அடித்தது. வியூஸ்.

"ஏம்மா, அந்தக் கீப்பர் இன்னிக்குத் திரும்ப ஆடறாளே, பழசை ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிக்கலாம்னு பாத்தேன். சொதப்பல்னு போட்டா அவ கிளிப் வரலையே?"

"அப்படி ஒண்ணு நடந்திருந்தா வந்திருக்கும் சார்."

"விளையாடாதம்மா. எந்தப் பேர்ல இருக்கு?"

"'தலையில் அடி'ன்னு தேடுங்க. முழுசா வரும். துண்டு கிடையாது."

இன்டர்காமை வைத்துவிட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு, என் நாற்காலியில் சாய்ந்து, மேட்ச்சை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். அவள் நன்றாக ஆடினாள். கடைசி நேரத்தில் ஒரு கோல் விட்டாள். யாரும் இடிக்கவில்லை, வெயில் கண்ணில் படவில்லை, நேராகக் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டாள். சுத்தமான சொதப்பல்.

கிளிப் கீழே வந்தது. என்ன டேக் ஒட்டுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கோல்' என்று ஒட்டினேன்.