சீட்டு எடுக்கப்பட்ட அறுபத்து மூன்று சீசாக்கள் குறித்து

அனுப்புநர்:
முன்னாள் சீசா கழுவுபவர் (பணி இருபத்தாறு ஆண்டு),
மாதிரி அறை,
கடல் ஆராய்ச்சி நிலையம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு ஆணையகம்.

பொருள்: ஆழ்கடல் மலைத்தொடரில் அடிவாரி வலை இழுக்கக் கொடுத்த அனுமதியை நிறுத்தி வைத்து, என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யக் கோருவது தொடர்பாக.

பார்வை: ஆய்வுக் குழு அறிக்கை, பக்கம் 9, “உதவியாளரின் மறதியால் மாதிரிகள் கலந்துவிட்டன” என்னும் வரி.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆய்வுக் குழு வந்த அன்று காலை மாதிரி அறையில் இருந்தவர்கள்: நிலைய இயக்குநர். அறைப் பொறுப்பாளர்; சட்டையில் ஒரு சுருக்கம் விழாது என்பதால் இவருக்கு இஸ்திரி என்று பெயர், அது அவருக்கும் தெரியும். குழுத் தலைவர். குழுவின் பெண் உறுப்பினர். குழுவில் இன்னொருவர், வந்ததிலிருந்து போகும்வரை பிஸ்கட் தவிர எதையும் கையால் தொடாதவர். பதிவேட்டு எழுத்தர். நான். ஆக ஏழு பேர். பதிவேட்டு எழுத்தர் நான் பெற்ற பிள்ளை. இது அலுவலக மனு என்பதால் இனி அவரைப் பதவிப் பெயரால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

1. கரையிலிருந்து கப்பலில் நான்கு நாள் போனால் கடலுக்கு அடியில் அந்த மலைத்தொடர் இருக்கிறது. நான் மலையைப் பார்த்ததில்லை. அதில் குடியிருப்பவற்றைப் பார்த்திருக்கிறேன். நண்டு மேடம் என்று நாங்கள் கூப்பிட்ட விஞ்ஞானி ஒன்பது பயணம் போய்க் கொண்டுவந்தவை எழுபத்து நான்கு சீசாக்களில், ஸ்பிரிட்டில் கிடந்தன. பவளம், கடற்பஞ்சு, கண் இல்லாத இறால், பவளக் கிளையைக் கட்டிக்கொண்டு செத்தும் பிடியை விடாத நட்சத்திர மீன். அவற்றில் பதினெட்டு வகை வேறு எங்கேயும் கிடையாது என்று மேடம் சொல்வார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்பிரிட் காற்றோடு போய்க் குறையும். மாதாமாதம் மூடி திறந்து நிரப்பியவள் நான்.

2. சீசா ஒவ்வொன்றிலும் மேடம் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று உள்ளே மிதக்கும். பென்சில் எழுத்து. பேனா என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எந்தப் பயணம், எந்த மேடு, எத்தனை மீட்டர் ஆழம், என்ன தேதி. சீட்டு இருக்கும்வரை உள்ளே கிடப்பது சாட்சி. சீட்டுப் போனால் அது வெறும் செத்த நண்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டப் பழகியதே அந்தச் சீட்டுகளில்தான். சில சீட்டுகளை இருநூறு தடவைக்கு மேல் வாசித்திருக்கிறேன்.

3. மலைத்தொடரை மூடிக் காப்பதா, வலைக்குத் திறப்பதா என்று முடிவு செய்யத்தான் அன்று குழு வந்தது. அவர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இஸ்திரி அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார். “என்னம்மா இது, ஊறுகாய்ல காகிதம் விழுந்த மாதிரி! உள்ள மிதக்குறதை எல்லாம் எடுத்துட்டு வெளிய இந்த ஸ்டிக்கரை ஒட்டு.” ஸ்டிக்கரில் நிலையத்தின் முத்திரையும் ஓர் எண்ணும். வேறு ஒன்றும் இல்லை. “பதிவேட்டுல ஏத்தியாச்சான்னு பாத்துட்டு எடுக்குறேங்க” என்றேன். ஏற்றுவது பதிவேட்டு எழுத்தரின் வேலை. அதற்குத்தான் அவருக்கு நாற்காலி. அவர் கைபேசியிலிருந்து தலை தூக்கவில்லை. “எல்லாம் ஏத்தியாச்சும்மா. சும்மா நைநைன்னு பண்ணாம எடு” என்றார்.

4. எடுத்தேன். இடுக்கியால் ஒவ்வொன்றாக, அறுபத்து மூன்று. பின்கட்டில் எரிக்கிற பீப்பாயில் போடச் சொன்னார் இஸ்திரி. போட்டேன். ஸ்பிரிட்டில் ஊறிய காகிதம், நீலமாக எரிந்து ஒரு மூச்சில் அடங்கியது. மீதி பதினொன்றில் கை வைப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

5. குழுத் தலைவர் முதலில் பதிவேட்டைத்தான் கேட்டார். திறந்தால், சிவப்பு மையில் கட்டம். பக்கம் பக்கமாகக் கட்டம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவதில் எழுத்தருக்கு இணை கிடையாது. உள்ளே ஒரு எழுத்து இல்லை, ஐயா. ஒன்பது பயணத்துக்கும் வெறும் கட்டம். “அப்போ இதெல்லாம் அந்த மலையிலதான் புடிச்சதுன்னு எதை வெச்சு நம்புறது?” என்று கேட்டார் தலைவர். இயக்குநர் இஸ்திரியைப் பார்த்தார். இஸ்திரி தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார்.

6. “நான் சொல்றேங்க” என்றேன். சிரித்தார்கள். பெண் உறுப்பினர் சிரிக்கவில்லை. சீட்டு மிச்சமிருந்த பதினொரு சீசாவையும் வரிசையாக வைத்து, சீட்டுத் தெரியாதபடி கைக்குட்டையால் மறைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறாவது பயணம், மூன்றாம் மேடு, ஆயிரத்து நானூற்றுப் பத்து மீட்டர், பிப்ரவரி பத்தொன்பது என்றேன். கைக்குட்டையை விலக்கினார். சரி. அடுத்தது. சரி. பதினொன்றும் சரி. பிஸ்கட்காரர்கூட மெல்லுவதை நிறுத்தினார். “மீதியையும் சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்” என்று அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார்.

7. அப்போதுதான் தலைவர் எழுத்தர் பக்கம் திரும்பி, கட்டம் ஏன் காலி என்று கேட்டார். “நான் எழுதலை சார்” என்று மூன்று சொல் சொன்னால் போதும். வேலை போயிருக்கலாம். மலை நின்றிருக்கும். அவர் சொன்னது இது: “பதிவேட்டுக்குன்னு எல்லாத்தையும் தனித்தாள்ல எழுதி இவங்ககிட்ட பத்திரமா வெக்கக் குடுத்தேன் சார். எங்க வெச்சாங்கன்னு மறந்துட்டாங்க. அம்மாவுக்கு இப்பல்லாம் ஞாபகமே நிக்கிறதில்ல. நேத்து என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க, தெரியாது. சீசாவையெல்லாம் இடம் மாத்தி மாத்தி வெச்சிருப்பாங்க.” அப்படித் தாள் ஒன்று இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. பதினொன்று சரியாகச் சொன்னதற்கு என்ன பதில் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, “அதெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி, பழக்கத்துல வர்றது மேடம்” என்றார். தலைவர் “பாவம், வயசு” என்றார். பேனா மூடியது. எழுத்தர் தான் சொன்னதை அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அன்று ஒருநாள்தான் அவர் எழுதி நான் பார்த்தேன்.

முந்தின நாள் நான் சாப்பிட்டது இரண்டு வாழைப்பழம். அவர் வீட்டில் எனக்கென்று வேறு எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

8. மறுவாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எழுத்தர் சொன்ன பொய்யை வீட்டிலும் நடத்திக் காட்ட வேண்டியதாயிற்று. நான் கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிடுவேனாம், சமையலறைக்குப் பூட்டு. கடைக்குப் போனால் வழி தெரியாமல் போய்விடுவேனாம், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை என் கழுத்தில். தெருவில் பார்க்கிறவர்கள் என்னிடம் சத்தமாக, மெதுவாகப் பேசுகிறார்கள். பேத்திக்கு ஆறு வயது. தினமும் காலையில் என் கட்டிலருகே வந்து, “பாட்டி, நான் யாரு, சொல்லு பாப்போம்” என்கிறாள். சரியாகச் சொன்னால் கைதட்டுகிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

9. வரும் முதல் தேதியிலிருந்து வலை இறங்கும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கடல் தரையை வாரிக்கொண்டு வலை ஒருமுறை போன மேட்டை நண்டு மேடம் எனக்குப் படத்தில் காட்டியிருக்கிறார். அழிரப்பர் போட்டுத் தேய்த்த பலகை மாதிரி இருந்தது. அந்தப் பவளம் ஒரு வருடத்தில் வளர்வது என் நகம் ஒரு வாரத்தில் வளரும் அளவுகூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவை அதை விட்டுவிட்டு ஓடத் தெரியாதவை.

10. ஆகவே ஐயா அவர்கள் அனுமதியை நிறுத்தி வைக்க வேண்டும். ஓர் அலுவலரை அனுப்பி என் எதிரில் உட்கார வைக்க வேண்டும். அறுபத்து மூன்று சீட்டையும் சீசாவைப் பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நாள் போதும். கப்பல் எந்தத் தேதியில், எந்த ஆழத்தில் மாதிரி எடுத்தது என்ற பயணக் குறிப்பு துறைமுக அலுவலகத்தில் இருக்கிறது. நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தேதி பிசகினாலும் கழுத்து அட்டையோடு சாகிறேன். மறதி உண்டா இல்லையா என்பதைத் தாங்கள் அனுப்பும் மருத்துவர் பார்க்கட்டும், வீட்டில் உள்ளவர்கள் பார்த்தது போதும்.

இயக்குநர் பதினேழு வருடத்துக்கு முன் தான் உடைத்த தராசுக்கான பழியை என் தலையில் கட்டியதை இந்த மனுவில் சேர்க்கவில்லை. இஸ்திரி செய்தது அறியாமை. குழுத் தலைவர் நம்பியது, பெற்ற தாயைப் பற்றிப் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று. இவர்கள் மூவரையும் நான் மன்னித்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)
முன்னாள் சீசா கழுவுபவர்

இடம்: பதிவேட்டு எழுத்தர் வீட்டு வெளி அறை
நாள்: மார்ச் 14

நகல்: பதிவேட்டு எழுத்தர், மாதிரி அறை. தங்கள் அலுவலகக் கோப்பில் இவர் பெயருக்கு எதிரில் ஒரு வரி சேர்க்கப் பணிவுடன் வேண்டுகிறேன்: இவர் என் ஒரே மகன், இவரை நான் மன்னிக்க மாட்டேன்.