புன்யூன் தோட்டத்துத் தேன்பெட்டிகள்

பிப்ரவரி 11

பெட்டிகளை இறக்கியாயிற்று. புன்யூன் அண்ணனின் லொங்கான் பழமரங்கள் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்திருக்கின்றன. தேனீக்களுக்கு முன்பே நான் கிறங்கிப்போனேன்.

எங்கள் லம்பூன் மாகாணத்தில் பூக்காலத்தில் பூச்சிமருந்து அடிக்காத தோட்டக்காரர் யாரென்று கேட்டால் இவரைத்தான் காட்டுவார்கள், கொஞ்சம் பரிதாபமாக. பூச்சி தின்றது போக மீதிக் காயைத்தான் விற்கிறார். "அதுங்களும் சாப்பிடணும்ல" என்பார். என் தேனீக்களுக்காகத்தான் அடிப்பதில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாததால் நானும் நன்றி சொன்னதில்லை. இருவருக்கும் வசதியான ஏற்பாடு.

அவர் மனைவி சந்தீ அண்ணி வேலியருகே வந்து நின்றார். "என்ன பிகுன், பிள்ளைங்கள கூட்டிட்டு வந்துட்டியா? இந்தத் தடவையாவது என்னைக் கொட்டாம இருக்கச் சொல்லு."

"பழகின முகம்னு உரிமையா கொட்டுதுங்க அண்ணி."

பிப்ரவரி 13

பெட்டிகளில் உண்ணி. தேனீயின் முதுகில் செம்புள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கம்போல மாட்டு உண்ணி மருந்தில் அட்டைத் துண்டுகளை ஊறவைத்து, தேனடைச் சட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டேன். போன பருவத்து அட்டைகளும் உள்ளேயே இருந்தன. எடுக்கவில்லை. கூட இருந்தால் கூடுதல் பாதுகாப்புதானே? மருந்தும் ஒரு கை தாராளம். எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் யாரும் அளந்து ஊற்றி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 20

பெட்டி வாசலில் தேனீக்கள் ஊர்கின்றன. பறக்கவில்லை. புல் நுனிவரை ஏறி, விழுந்து, மறுபடி ஏறுகின்றன. எதற்காகக் கிளம்பினோம் என்று மறந்துபோன ஊர்வலம்.

பிப்ரவரி 22

இன்னும் அதிகம். மேயப் போனவற்றில் பாதி திரும்பவில்லை. சில பெட்டிகளில் ராணி முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது.

அண்ணன் வீட்டுக் குழாயடியில் மருந்து தெளிப்பான் கவிழ்த்து வைத்திருந்தது. ஈரம் காயவில்லை.

"அண்ணே, அடிச்சீங்களா?"

"வேலியோரக் களைக்கு அடிச்சேம்மா. அதுவும் நேத்து சாயங்காலம், உன் பெட்டிக்கு எதிர்ப்பக்கம். பூவுக்கு ஒரு சொட்டு கிடையாது."

"அப்ப எப்படி சாகுதுங்க?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. கத்தியிருந்தால், குற்றமுள்ளவன்தான் கத்துவான் என்று தோன்றியிருக்கும்.

பிப்ரவரி 23

சங்கத்தின் கைபேசிக் குழுவில் எழுதிவிட்டேன். பெயர், இடம், ஈரத் தெளிப்பான், எல்லாம். ஐந்தே வரி. சியாங்மாய்ப் பத்திரிகை ஒன்றில் பாதி ஆயுள் பிழை திருத்தியவள் நான். என் வாக்கியங்களை நம்பத் தோன்றும்.

தலைவர் தவீ உடனே கூப்பிட்டார். "அக்கா, என்னா எழுத்து! படிச்சதும் ரத்தம் கொதிச்சிடுச்சு. அந்த ஆளு தோட்டத்துல இனிமே நம்மாளு ஒருத்தனும் பெட்டி வைக்கக் கூடாது."

"எதுக்கும் ஒரு தடவை விசாரிச்சுட்டு..."

"விசாரிக்க என்ன இருக்கு? அதான் நீங்களே எழுதிட்டீங்களே."

பிப்ரவரி 25

அண்ணன் தோட்டத்திலிருந்து சங்கத்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றினோம். பாதிப் பூ இன்னும் விரியவே இல்லை. சந்தீ அண்ணி வெளியே வரவில்லை. அண்ணன் வந்தார். வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

"முதுகு பாத்து தூக்கு, பிகுன்" என்றார்.

மார்ச் 4

புது இடத்திலும் ஊர்கின்றன. அங்கே பட்ட விஷம் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

போலிருக்கிறது?

மார்ச் 9

தேனீ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒராபின் வந்தாள். ஒரு சட்டத்தை எடுத்து வெள்ளைத் தட்டின் மேல் ஓங்கித் தட்டினாள். செம்மணல் கொட்டிய மாதிரி இருந்தது. பிறகு அந்த மணல் ஓட ஆரம்பித்தது.

"செத்ததுங்க நாக்க நீட்டிக்கிட்டு கிடந்துச்சா அக்கா?"

"பாக்கல."

"வயல் மருந்துன்னா நடுங்கி, நாக்கு வெளிய தள்ளி, பெரும்பாலும் ஒரேயடியா குவியலா விழும். இது தெனம் கொஞ்சமா ஊருது. சிறகப் பாருங்க, சுருங்கிக் கெடக்கு. கூட்டுக்குள்ள புழுவா இருக்கும்போதே உண்ணி சாறை உறிஞ்சிடுச்சு." அப்புறம் அட்டைகளை உருவினாள். "இது என்ன, ரெண்டு வரிசை?"

"ஒண்ணு பழசு."

"உண்ணி இந்த மருந்துக்குப் பழகிடுச்சு அக்கா. தேனீதான் பழகல. அளவு மிஞ்சினா அதுங்களுக்குத் தடுமாற்றம் வரும். வீட்டுக்கு வழி தெரியாது. ராணியும் படுத்துடும்."

சோதனைக்கு மெழுகில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போனாள்.

நாக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். நான் குனிந்து பார்த்தது தெளிப்பானை.

மார்ச் 27

ஒராபின் தொலைபேசியில்: "தோட்டத்து மருந்து எதுவுமே இல்ல அக்கா. உங்க மருந்து மட்டும்தான். கொஞ்சம்... நிறைய."

அந்தக் 'கொஞ்சம்' எனக்காக வைத்த மரியாதை.

தவீயிடம் சொன்னேன். "விடுங்க அக்கா. இப்ப மாத்திப் பேசினா சங்கத்த எவன் மதிப்பான்? அதுவுமில்லாம அட்டை தொங்கவிடாதவன் நம்மள்ல யாரு? ஒருத்தன் யோக்கியன்னா அப்புறம் நாமெல்லாம் யாரு?"

அவர் பேச்சைக் கேட்காமல் குழுவில் எழுதினேன். தப்பு என்னுடையது, அவருடையதல்ல என்று. விளக்கி, வருந்தி, இரண்டு பக்கம். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. குற்றச்சாட்டு ஐந்து வரி, மறுப்பு இரண்டு பக்கம். எதை ஜனங்கள் படிப்பார்கள் என்று பத்திரிகையில் இருந்தவளுக்குத் தெரியாதா? பூவும் உதிர்ந்துவிட்டது. இனி யாரும் பெட்டி வைத்து ஆகப்போவது எதுவுமில்லை.

ஏப்ரல் 2

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 8

இன்று போயிருக்கலாம். மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

ஏப்ரல் 16

புத்தாண்டு. பெரியவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் கையில் சீகைக்காய் போட்ட நீரை ஊற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மொத்தமாக மன்னிப்புக் கேட்கும் நாள். எந்தப் பிழை என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் முன்னோர்கள் என்னைப் போன்றவர்களை நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

ஊரோடு நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. ஊற்றினேன். அண்ணன் ஈரக் கையை என் தலையில் வைத்து, எல்லாருக்கும் சொன்ன அதே வாழ்த்தைச் சொன்னார்.

"அண்ணே, நான் தனியா ஒண்ணு சொல்லணும். அந்த மாசியில..."

"அதான் ஊத்திட்டியேம்மா."

"இல்லண்ணே, அது பொதுவா ஊத்தினது—"

"காயே பிடிக்கல, தெரியுமா?" சந்தீ அண்ணி சொம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "மரமெல்லாம் பூவாவே கொட்டிடுச்சு. சரி, நகரு. பின்னால வயசானவங்க நிக்கிறாங்க."

நகர்ந்தேன். எனக்கும் வயதாகிவிட்டது என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3

அறுவடை. வருஷா வருஷம் அண்ணன் வண்டி நிறைய மூங்கில் வாங்குவார், காய் கனத்தில் சாயும் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க. இன்று அந்த வழியாக வந்தேன். கிளைகள் எல்லாம் தாமாகவே நிமிர்ந்து நிற்கின்றன.

நவம்பர் 19

பழைய மெழுகு முழுவதையும் உருக்கிக் கொட்டினேன். சட்டங்கள் புதிது. அட்டை இல்லை. ராணிகளைக் கொஞ்ச நாள் கூண்டில் அடைத்து, புழு இல்லாமல் உண்ணியைப் பட்டினி போடச் சொல்லியிருக்கிறாள் ஒராபின். பலன் தெரிகிறது. ஒரு பெட்டியிலும் ஊர்வலம் இல்லை. இத்தனை வருஷமும் இது முடிந்திருக்கும். வேலைதான் கொஞ்சம் அதிகம்.

பிப்ரவரி 15

பூ வந்துவிட்டது. சங்கத்தைக் கேட்காமல், பெட்டிகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். முனை திரும்பும்போதே நாற்றம் அடித்தது. கிளைக்குக் கிளை கயிற்றில் மீன் தலைகள். மேலே, பூங்கொத்துகளில் ஈக்கள், கருகருவென்று, மும்முரமாக.

"மாந்தோப்புக்காரங்க செய்யுறதுதான்" என்றார் அண்ணன், முகமூடியைத் தாடைக்கு இறக்கியபடி. முதுகில் தெளிப்பான். "அழகு இல்ல. ஆனா மீனுக்கு வர்ற ஈ பூவுக்குப் பூ போகுது, காய் பிடிக்கும்."

"அண்ணே, என் பெட்டிய கொண்டு வரட்டுமா? அந்த அட்டையெல்லாம் எடுத்துட்டேன். மெழுகு கூடப் புதுசு. தப்பு என்னோடதுதான்னு குழுவுலயும்..."

"படிச்சுக் காட்டினாங்க. நல்லா எழுதியிருந்த." கொஞ்சம் யோசித்தார். "வேணாம் பிகுன். நானும் இப்ப பூவுலயே மருந்து அடிக்கிறேன். உன் தேனீக்கு ஆகாது."

"ஈ சாகாதா அண்ணே?"

"சாகும். இன்னும் நாலு மீனைத் தொங்கவிடுவேன். செத்த ஈக்கு நியாயம் கேட்டு யாரும் வர்றதில்ல."

கோபமே இல்லை. பூச்சிமருந்துக் கடைக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். அண்ணி உள்ளே இருந்து, சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க என்றார். மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவ்வளவு பூவுக்கு நடுவில் பூ வாசனை வரவில்லை.