கால் பிடிக்கிறவள்

மே 6, 1986. செவ்வாய்

வெயில். ஒன்பது மணிக்கே மலையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, கண் கூசுகிறது. குழாயில் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கி இடுப்பு விட்டுப்போனது.

வாங்க: கல்லுப்பு, எலுமிச்சை, கிளிசரின், மண்ணெண்ணெய், சிவப்பு நெய்ல் பாலிஷ். (ரோஸ் வேண்டாம். இந்த ஊரில் யாரும் ரோஸ் கேட்பதில்லை.)

காலையில் லாட்ஜ்காரர் மனைவி. இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு, புடவைக் கரை மாட்டிக் கிழிகிற அளவுக்கு. வெந்நீர், உப்பு, எலுமிச்சை. ஊறவைத்து, கல் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, கிளிசரின் தடவி, பாலிஷ். முடிந்ததும் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் காலா சரோஜா? கல்யாணத்தன்னைக்குக்கூட இப்டி இல்லியே."

மதியம் கான்ஸ்டபிள் பரிமளா. ஷூ போட்டு ரதவீதியில் நாளெல்லாம் நிற்கிற கால். சுண்டுவிரலில் ஆணி. கல் படும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொல்வாள். அவளை எனக்குப் பிடிக்கும்.

மாலை அண்ணன். அரிசி மண்டியிலிருந்து நேராக. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான். நாற்காலியைப் பார்த்தான். கால் ஊறவைக்கிற பேசினைப் பார்த்தான். அவன் மகள் தேவகிக்கு ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு போளூர். என் விஷயம் அவர்கள் காதுக்குப் போய்விட்டதாம்.

"பொண்ணோட அத்தை கண்டவ காலையும் புடிச்சிக் கழுவுறாளாமேன்னு கேக்கறாங்க. நாண்டுகிட்டு சாவலாம்போல இருந்திச்சி எனக்கு."

"தொழில்ணா இது. மெட்ராஸ்ல கத்துக்கினு வந்தது."

"இன்னையோட மூடு."

"மூட மாட்டேன்."

பேசினை உதைத்தான். அழுக்குத் தண்ணீர் சுவர் பாதி வரைக்கும். போகும்போது கதவையும் ஒரு உதை.

புருஷன் விட்டுவிட்டுப் போனபோது ஒருவேளைச் சோற்றுக்குக் கூப்பிடாதவன். இப்போது நான் அவன் மானமாம்.

மே 7, புதன்

போர்டில் தார். 'பெண்கள் அழகு நிலையம்' என்பதில் 'நிலையம்' மட்டும் மிச்சம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். 'பெண்கள்' திரும்பி வந்தது. 'அழகு' வரவில்லை.

கிணற்றடியில் கேட்டது. நான் குனிந்திருக்கிறேன் என்று தெரியாமல்.

"காலு மட்டும்தான் கழுவுதா, இல்ல வேறயும் நடக்குதா?"

"சும்மா இருடி, காதுல விழப்போவுது."

"விழட்டுமே."

சிரிப்பு. குடத்தை நிரப்பாமல் திரும்பிவிட்டேன். பிறகு கோபம் வந்து மறுபடி போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

வந்தவர்கள்: யாரும் இல்லை. உட்கார்ந்து என் காலுக்கே செய்துகொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என் கால்.

மே 9, வெள்ளி

எழுத முடிகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பித்தன. பேனாவைப் பிடிக்கலாம், கல்லைப் பிடிக்க முடியாது.

நேற்று நடந்தது நடந்தபடி.

லாட்ஜ்காரர் மனைவியின் தங்கை வந்திருந்தாள். ஒரு கால் முடிந்து பாலிஷ் காய்ந்துகொண்டிருந்தது, மற்றது பேசினில் நுரைக்குள். அண்ணன் வந்தான். பகலிலேயே குடி. ஒரு வார்த்தை பேசவில்லை. என் கொண்டையைப் பிடித்து இழுத்தான். தரையோடு வாசல் வரை. அந்தப் பெண் கத்திக்கொண்டே எழுந்து, நுரை சொட்டச் சொட்டத் தெருவில் ஓடினாள்.

"எந்தக் கையிலடி புடிக்கற? எந்தக் கை?"

வலது கையைப் பிடுங்கி வாசற்படிக் கல்லில் வைத்தான். மிதித்தான். செருப்புக் காலால். ஒருமுறை போதவில்லை. குதிகாலை ஊன்றித் திருகினான், பீடியை நசுக்குவதுபோல. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். என் விரல் என்று புரிய நேரமானது.

தெருவில் ஆட்கள் நின்றார்கள். நிறைய பேர். ஒருத்தர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி. மோதிர விரலும் சுண்டுவிரலும் எலும்பு முறிவு, நடுவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. தப்பை வைத்துக் கட்டு.

டாக்டரம்மா: "எப்படிமா ஆச்சி?"

"விழுந்துட்டேங்க."

"விழுந்தா விரல் மேல செருப்புத் தடம் இருக்குமா?"

கட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். தேவகி கல்யாணம். போலீஸ், கேஸ் என்று போனால் அந்தப் பெண் தலையில்தான் விடியும்.

மே 10, சனி

வலி. மாத்திரை. மறுபடி வலி.

பரிமளா வந்தாள். கட்டைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "ஒரே ஒரு கையெழுத்து போடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"வேணாம் பரிமளா. பொண்ணு கல்யாணம் இருக்குது."

"அவன் உன் கையை ஒடச்சிருக்கான். நீ அவன் பொண்ணுக்குப் பந்தக்கால் நடறியா?" கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

பகலெல்லாம் படுத்தபடி யோசித்தவை: அம்மிக்குழவி. அரிவாள்மனை. அவன் தூங்கும்போது பம்ப் ஸ்டவ்வைக் கொளுத்தி மேலே கவிழ்ப்பது. எதுவும் செய்யப்போவதில்லை. யோசிக்கும்போது மட்டும் விரல் வலி கம்மி.

மே 12, திங்கள்

தேவகி வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம், ரசம் சோறு. அண்ணி கொடுத்தனுப்பியது. அண்ணி இந்த வீட்டுப் படி ஏறியதில்லை, அண்ணன் விடமாட்டான்.

தேவகியின் இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"யாருடி?"

"அப்பாதான். அத்தை கையைப் பாத்துட்டு வரேன்னேன். அதுக்கு."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"அதான் அடிச்சிட்டாரே. இனிமே வந்தா இன்னா?"

சிரிப்பு வந்தது. சிரித்தால் கை வலிக்கிறது.

நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அத்தே, நீ வாயால சொல்லு. நான் கையால செய்யறேன்." வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. என் காலையே இழுத்துப் பேசினில் வைத்துவிட்டாள்.

சொல்லிக்கொடுத்தது: ஊறாத தோலில் கல் வைக்காதே. முன்னும் பின்னும் தேய்க்காதே, ஒரே பக்கமாக. பெருவிரல் நகத்தை வளைத்து வெட்டாதே, ஓரம் சதைக்குள் ஏறும், நேராக வெட்டு. விரல் இடுக்கில் ஈரம் நிற்கவிடாதே.

அவளுக்குக் கை வருகிறது. குதிகாலை அவள் உள்ளங்கையில் தாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுவரை நான் எத்தனையோ காலைப் பிடித்திருக்கிறேன். என் காலை யாரும் பிடித்ததில்லை.

"போளூர்க்காரனைப் புடிச்சிருக்காடி?"

"அவங்கம்மா என் பல்லை எண்ணிப் பாத்தாங்க அத்தே. மாடு வாங்கறாப்பல."

மே 13, செவ்வாய்

கை எரிகிறது. கட்டுப் போட்ட கையல்ல, மற்றது.

காலையில் ஸ்கூல் டீச்சர் ஒருவர் வந்தார். திருப்பி அனுப்ப இருந்தேன். இன்றைக்கும் வந்திருந்த தேவகி முந்திக்கொண்டாள்: "உட்காருங்க டீச்சர், நான் செய்யறேன்." ஸ்டவ்வில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டவ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, தேவகி முக்காலியில் உட்கார்ந்து டீச்சர் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. கையில் சவுக்குக் கட்டை.

அவன் பார்த்தது: அவன் பெண். அவள் மடியில் இன்னொருத்தி கால்.

முதல் அடி தேவகி முதுகில். அப்படியே டீச்சர் முழங்கால் மேல் விழுந்தாள். டீச்சர் "ஐயோ, ஐயோ" என்று சுவரோரம் ஒண்டிக்கொண்டார். இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குக் கட்டை கைநழுவிப் போய்விட்டது. பின்னலைச் சுற்றிப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினான். ஒருமுறை. இன்னொருமுறை. அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"உன் கையையும் ஒடிக்கறேன்டி. ரெண்டு பேரும் பிச்சை எடுங்க."

அவள் மணிக்கட்டை இழுத்து ஸ்டவ்வுக்குப் பக்கத்துத் தரையில் வைத்தான். செருப்பைத் தூக்கினான்.

அண்டாவின் ஒரு காதை இடது கையால் பிடித்தேன். மற்ற காதைக் கட்டுக் கையின் முழங்கையால் நெட்டினேன். தூக்கவில்லை, தள்ளினேன். கொதிக்கிற தண்ணீர் முழுக்க அவன் கால்மேல்.

தேவகியைக் காலால் எட்டித் தள்ளிவிட்டுத்தான் கவிழ்த்தேன். அதை யோசித்துத்தான் செய்தேன். மற்றதையும்தான்.

அவன் கத்திய கத்தல். தோல் செருப்புக்குள் தண்ணீர் தேங்கிக்கொண்டது. கழற்றத் தெரியாமல் குதித்தான், விழுந்தான். வாரை இழுத்தபோது வாரோடு தோலும் வந்தது. உரித்த தக்காளி மாதிரி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டவ்வை அணைத்தேன்.

அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்களே இன்றைக்கும் நின்றார்கள். இன்றைக்கு மட்டும் நான்கு பேர் ஓடிவந்து தூக்கினார்கள், அவனை.

தேவகி தலையில் நான்கு தையல். எனக்கு இடது கையில் கொப்புளம். பிறகு கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன்.

வருத்தம் இல்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். வருத்தம் இல்லை.

மே 14, புதன்

காலையில் புடவையை மாற்றிக்கொண்டு போலீசுக்காகக் காத்திருந்தேன். பரிமளா மட்டும் வந்தாள், சாதாரணப் புடவையில்.

"உங்கண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா? அண்டா கால் இடறிக் கொட்டிச்சாம். தங்கச்சி ஊத்திட்டான்னு சொன்னா மண்டித் தெருவுல தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?"

"டீச்சரு?"

"அவங்க கண்ணாடி போடலியாம். ஒண்ணும் தெரியலியாம்." பரிமளா சிரித்தாள். "ஆனா ஒண்ணு. அவரு மாத்திச் சொன்னா உன்னையும் உள்ள வெக்கணும். நானேதான் வரணும். ஜாக்கிரதையா இரு."

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் என்று தெரியாது. கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான், ஈக்கு வலை போட்டு. கணுக்கால் வரை வெந்திருக்கிறது. பாதத்தின் மேல்புறம் மோசம். உள்ளங்கால் தப்பித்தது. நகம் இரண்டு போகும்.

"இன்னா பாக்கற?"

"கொப்புளத்தை உடைக்காதே. எண்ணெய் கிண்ணெய் தடவாதே. டாக்டர் சொல்றதை மட்டும் கேளு."

"நீ எனக்கு வைத்தியம் சொல்றியா?"

"இன்னொரு வாட்டி அவ மேல கை வெச்சா, தலையில ஊத்துவேன்."

பக்கத்துக் கட்டில் கிழவர் முழித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பயமா, வலியா, தெரியவில்லை.

மே 16, வெள்ளி

போளூரிலிருந்து ஆட்கள் வந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். தேவகியே வந்து சொன்னாள். தலையில் கட்டோடு.

"அழுதியா?"

"அம்மா அழுதாங்க. நான் அழுவலை."

இங்கேயே இரண்டுமுறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பு. பிறகு படுத்து சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். தூக்கத்தில் இரண்டு கையையும் கக்கத்தில் ஒளித்துவைத்துக்கொள்கிறாள்.

மே 19, திங்கள்

லேசாக மேகம். மழை இல்லை.

கடை திறந்தேன். லாட்ஜ் வீட்டுப் பெண்கள் வரவில்லை. வருவார்களா தெரியாது. தேவகி துவாலைகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.

பதினொரு மணிக்கு வாசலில் நிழல். அண்ணி. முதல்முறையாக. படியில் ஒரு கணம் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அவர் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கினார்.

குதிகால் இரண்டும் பாளம் பாளமாக. உள்ளே சிவப்பு தெரிகிற ஆழம். கணுக்காலுக்கு மேலே பழைய தழும்பு, நீளமாக, கம்பியால் அடித்தது. தேவகிக்கே அது தெரியாது போல. பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணன் எப்படி இருக்கார் அண்ணி?"

"வூட்டுக்கு வந்துட்டாரு. எழுந்திருக்க முடியலை. ஒக்காந்த எடத்துல இருந்து கத்தறாரு. கை எட்டற தூரத்துக்கு நான் போறதில்லை."

தேவகி பேசினில் வெந்நீர் விளாவினாள். அண்ணி காலை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஊறியதும் தேவகி கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"சரோஜா, வெள்ளிக்கெழமை பௌர்ணமி. அதுக்குள்ள இந்த வெடிப்பு ஆறுமா?"

"பாதி ஆறும். ஏன் அண்ணி?"

"கிரிவலம் வரணும். வெறுங்காலோட, முழுசா. வேண்டுதல்."

"அண்ணனுக்கு சீக்கிரம் குணமாகணும்னா?"

அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஆறக்கூடாதுன்னு," என்றார். "நல்லா தேய்மா தேவகி."