கரையைக் காட்டாத மச்சானுக்கு

மச்சான்,

இன்றைக்கும் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கடைக்கு ஐஸ் பாளம் வாங்கிக் குழாயடியில் போட்டிருந்தேன். அந்தக் குழாய் ஒழுகும், உனக்குத் தெரியாததா. டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் பாளத்தின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தேன், உள்ளே இருட்டு. நீ வீடியோவில் காட்டுவாயே, அதே ஓட்டை. வந்த ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்து நொறுக்கிவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செத்தவனைத் திட்டக் கூடாது என்று சொல்வார்கள். நான் திட்டுவேன். நீ என் தங்கச்சி புருஷன், அதற்கு முன்னால் என் கூட்டாளி. எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் யாங்கோன் ஆற்றைக் கடந்து, த்வாண்டே போகும் வழியில் இருக்கும் அந்த ஏரிக்குச் சைக்கிள் மிதிப்போமே. பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பக்கத்தில் முள் இல்லாத பழைய தூண்டில் ஒன்றையும் ஊன்றி வைப்பாய். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து அங்கேயே கூட்டமாக உட்காருவார்கள். நாம் நாணலுக்குள் புகுந்து, வயல் வாய்க்கால் வந்து விழும் மூலைக்குப் போய்விடுவோம். "வெளித் தண்ணி வந்து விழுற வாயிலதான் மச்சான் இரை வரும். இரை வர்ற இடத்துலதான் மீன் நிக்கும்," என்பாய். பை நிறைய விராலோடு திரும்பும்போது எங்கே பிடித்தாய் என்று கேட்பார்கள். "மரத்தடியிலதான்!" என்று கூசாமல் சொல்வாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

கனடா போன முதல் குளிர்காலத்தில் போன் போட்டு அழுதாய். "கையும் காலும் விறைக்குது மச்சான், இது மனுஷன் இருக்குற ஊரா?" என்றாய். அடுத்த குளிர்காலத்தில் உன்னோடு வேலை பார்த்த ஒருவன் உறைந்த ஏரிக்குக் கூட்டிப் போனானாம். அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடிந்ததா? யாங்கோனில் வேர்த்து வழிந்துகொண்டு டீ ஆற்றுகிறவனுக்கு, ஐஸில் இடம் பார்ப்பது எப்படி என்று பாடமே நடத்தினாய். "வெள்ளையா இருக்குற ஐஸை நம்பாத. கண்ணாடி மாதிரி கறுப்பாத் தெரியிறதுதான் கெட்டி. ஒரே ஓட்டையில உக்காந்துட்டா ஆகாது. கரையிலேருந்து வரிசையா துளை போட்டு, நூல்ல ஈயக் குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பாக்கணும். தரை எங்க பொசுக்குனு இறங்குதோ, அந்த விளிம்புல உக்காரணும்."

"வாய்க்கால் வாய்?" என்று கேட்டேன்.

"இங்கயும் ஓடை வந்து விழுது. ஐஸ் மெலிசுன்னு ஒருத்தனும் அந்தப் பக்கம் வர மாட்டான். அதனால மீன் பூரா எனக்குத்தான்!"

"வேணாம்டா, விளையாடாத," என்றேன்.

"நீ டீயை ஆத்து," என்றாய். அவ்வளவுதான் என் பேச்சுக்கு மரியாதை.

வீடியோவிலும் ஓட்டை, உன் பூட்ஸ், துள்ளுகிற மீன், இவ்வளவுதான் தெரியும். ஊர் எப்படி இருக்கிறது, கரையைக் காட்டு என்றால், "காட்டுனா நீ யார்ட்டயாவது சொல்லிருவ" என்பாய். அட மடையா! யாங்கோனில், இந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நான் யாரிடம் சொல்வேன்? பஸ் கண்டக்டரிடமா?

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில், கனடாவிலிருந்து தங்கச்சி கலா கூப்பிட்டாள். "அண்ணே, அவர் இன்னும் வீட்டுக்கு வரலை. கார் ஒரு ஏரிக்கரையில நிக்குது. ஆனா அந்த ஐஸ்ல ஒரு ஓட்டைகூட இல்லைங்கிறாங்க. எங்கண்ணே போயிருப்பாரு?"

"கார் நிக்கிற இடத்துல அவன் இருக்க மாட்டான் கலா. வேற ஏரி. ஓடை வந்து விழுற பக்கமாத் தேடச் சொல்லு," என்றேன். அவள் தேடப் போனவர்களிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே எல்லா ஏரிக்கும்தான் ஓடை இருக்கிறது, எந்த ஓடை என்று திருப்பிக் கேட்டார்களாம். நீ அனுப்பிய வீடியோ அத்தனையையும் அனுப்பி வைத்தேன். நானும் கடையை மூடிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு மேடு இல்லை. ஓட்டையும் உன் பூட்ஸும்தான். அதற்குள் அங்கே பனி கொட்டி உன் கால்தடத்தையும் மூடிவிட்டது.

ஐஸ் உருகின பிறகுதான் கிடைத்தாய். காரை விட்ட இடத்திலிருந்து காட்டைத் தாண்டி அடுத்த ஏரி, ஓடை வாய். நான் சொன்ன மாதிரியேதான். சொல்லி என்ன பிரயோஜனம்? அதுவரை அந்தக் குளிர்காலம் பூராவும் என் தங்கச்சி பொட்டு வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றாளே, அது உனக்குத் தெரியுமா? கோயிலுக்குப் போனால் காரியம் எப்போது என்று என்னைக் கேட்டார்கள். ஒரே ஒரு தடவை அந்தப் போனைத் திருப்பிக் கரையைக் காட்டியிருந்தால், மறுநாளே உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். செத்ததை நான் மன்னித்துவிடுவேன் மச்சான். ஒளித்ததைத்தான் முடியவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நம் பழைய ஏரிக்குப் போகிறேன். சைக்கிளை மரத்தடியில் விடுவதில்லை, வாய்க்கால் மூலை வரைக்கும் தள்ளிக்கொண்டே போகிறேன். யார் கேட்டாலும் இடத்தைக் காட்டிவிடுகிறேன். உன் இடத்தில் இப்போது எப்போதும் நாலைந்து பேர். மீன் குறைந்துவிட்டது. குறையட்டும்.

நான் உட்கார்ந்ததும் கலா கூப்பிடுவாள். என்ன மீன், எத்தனை மீன் என்று கேட்பதில்லை. "அண்ணே, எங்க உக்காந்திருக்க? கரையைக் காட்டு," என்பாள். போனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவேன். தூங்குமூஞ்சி மரம், வயலுக்கு அப்பால் புத்தர் கோயில் கோபுரம், நாணல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம், என் சைக்கிள். "சரிண்ணே, தெரியுது," என்று அவள் சொன்ன பிறகுதான் தூண்டிலைப் போடுகிறேன்.