வெளியே உட்காருபவர்களின் பெயர் முதலில்

மேனேஜர் அக்காவுக்கு,

இன்று காலை உங்கள் பையின் ஜிப்பைத் திறந்தேன். டெட்டால் வாசனை முகத்தில் அடித்தது. பயிற்சியில் அணி பிரித்து ஆடும்போது மேலே மாட்டிக்கொள்ளும் பச்சை பிப்புகள். வாராவாரம் வீட்டில் டெட்டால் விட்டு அலசி, மடித்து, அடியில் விசிலை வைத்துக் கொண்டுவருவீர்களே, அதே வாசனை. ஆளைப் புதைத்தாகிவிட்டது, ஆள் துவைத்த துணி மட்டும் மணந்துகொண்டிருக்கிறது. ஜிப்பை மூடிவிட்டேன்.

இதைத் துக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துக்கப்பட, முதலில் நம்ப வேண்டும். காலையில் நான் இன்னும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மைசூர் ஹெப்பாளில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது நம் கோல்கீப்பர் நஸ்ரின் போன் செய்தாள். பந்து மூக்கில் பட்டாலும் கத்தாதவள் அன்று கத்தினாள். "பவி, மேனேஜர் ஹோகிபிட்ரு கணே!" போய்விட்டார் என்கிறாள். "எங்கே?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

சனிக்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்தில் உங்களை வைத்துவிட்டு வந்தோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரிங் ரோட்டுப் பக்கம் நாம் ஆடும் காலி மனையில் அத்தனை பேரும் நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்று நீங்கள் குழுவில் செய்தி போடவில்லை, அதனால் வந்தோம். ஷூவைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றோம். உங்கள் ஸ்கூட்டி வர வேண்டும், விசில் ஊத வேண்டும், பிறகுதானே ஓட்டம்? வெயில் ஏறியது. ஒருத்தியும் பந்தைத் தொடவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனோம்.

நீங்கள் ஒருநாளும் ஆடியவர் இல்லை. நர்ஸ் வேலை, இரண்டு பிள்ளைகள், தட்டையான பாதம். "பந்தை எப்படி உதைக்கணும்னு போன்ல பாத்துக்கோங்கடி. யாரு உதைக்கணும்னு நான் சொல்றேன்" என்றீர்கள். யாராவது கோச் என்று கூப்பிட்டால் திருத்துவீர்கள்: "மேனேஜர்." அதைச் சொல்லும்போது தோள் கொஞ்சம் நிமிரும். யாருக்கு எந்த வாரம் நைட் ஷிப்ட், யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். கன்னடத்தில் கூப்பிடுவீர்கள், தமிழில் திட்டுவீர்கள். தமிழ் தெரியாத நஸ்ரினுக்குக்கூடத் தமிழில்தான் திட்டு. அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது.

டிவியில் பெரிய மேனேஜர்களைப் பற்றிப் பேசும்போது கோப்பைகளை எண்ணுகிறார்கள். நம்மிடம் இருப்பது ஒன்று, அதுவும் நன்னடத்தைக்குக் கொடுத்தது. அப்படியானால் நீங்கள் எதில் பெரியவர்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். மேட்சுக்கு முன்னால் பெயர் வாசிக்கும்போது, வெளியே உட்காருபவர்களின் பெயரைத்தான் முதலில் சொல்வீர்கள். எல்லோர் முன்னாலும், காரணத்தோடு. "கடைசியில சொன்னா அது மறந்துபோன பேரு. முதல்ல சொன்னா அது முடிவு." உலகம் முழுக்க எங்களை மறந்துபோன பெயராகத்தான் வைத்திருக்கிறது. பதவி உயர்வில், ரேஷன் கடையில், வீட்டுச் சாப்பாட்டில். நீங்கள் ஒருத்தர்தான் எங்கள் முகத்தைப் பார்த்து "நீ வேண்டாம், ஏன்னா" என்று சொன்னீர்கள். அந்த 'ஏன்னா'வுக்காகத்தான் வந்துகொண்டிருந்தோம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என் முதல் மேட்ச் நினைவிருக்கிறதா? அன்று காலை ஹனூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். "பொட்டப்புள்ள தொடை தெரிய ஓடறதுக்கா உன்னைய மைசூர்ல படிக்க வெச்சோம்?" என்று கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நான் வாயே திறக்கவில்லை, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். "முதல் பேரு, பவித்ரா. வெளிய." நான் முறைத்தேன். "ஏன்க்கா? நல்லாத்தானே ஆடறேன்?"

"கோபம் தலையில இருந்தா ஆடலாம். உனக்கு இன்னைக்குக் கால்ல இறங்கிடுச்சு. எவ முட்டியையாவது ஒடச்சிட்டு வருவே. உக்காரு."

உட்கார்ந்தேன். முழு ஆட்டமும் உங்களை மனதுக்குள் வைதேன். திரும்பும்போது மசால்பூரி வாங்கித் தந்து, "இன்னும் வையறியா?" என்று கேட்டீர்கள்.

அந்தக் கடைசி ஞாயிறுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியவில்லை. ஆட்டம் முடியும்வரை நின்றே பழகிய நீங்கள் அன்று வந்ததும் பையின் மேல் உட்கார்ந்தீர்கள். கண் சிவந்திருந்தது. நம் அணி மெர்சி கத்தினாள், "ஏய், மேனேஜரே இன்னைக்கு வெளியேடி!" எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். "ஆமா, முதல் பேரு என்னோடதுதான். காரணம், காய்ச்சல்."

"லீவு போடுங்கக்கா."

"கேட்டேன். வார்டுல ஆள் இல்லயாம். ரெண்டு நாள் பாத்துக்கோங்க சிஸ்டர்னாங்க."

ஊருக்கெல்லாம் காய்ச்சல் பார்த்த உங்களுக்கு வந்தது வெறும் காய்ச்சல் இல்லை, டெங்கு என்று அந்த ஆஸ்பத்திரியில் எவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எவருக்கும் நேரமில்லை. உங்களை நீங்களே வெளியே உட்காரவைத்தீர்கள். வேலை மட்டும் உங்களை உட்கார விடவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாம் ஓடினால் வாக்கிங் வருபவர்களுக்குத் தொந்தரவு என்று மைதானத்தைத் தர மறுத்தாரே லேஅவுட் சங்கத் தலைவர், அவர் உங்கள் பெயரில் நினைவு மேட்ச் அறிவித்தார்! பிளெக்ஸில் உங்கள் படம் தபால்தலை அளவு, அவர் படம் ஆள் உயரம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நோடம்மா, எங்க அண்ணன் மக சஹனா ஆடணும். முழு மேட்ச். வருஷம் பூரா கிரவுண்டு உங்களுது." சஹனா இரண்டு முறை பயிற்சிக்கு வந்தவள்.

என்னிடம் ஏன் என்றால், உங்கள் வீட்டுக்காரர் பையை என்னிடம்தான் தந்திருந்தார். "உன்னைத்தான் ரொம்பத் திட்டுவா. அதனால உங்கிட்ட" என்று வைத்துவிட்டுப் போனார்.

மெர்சி சொன்னாள், "ஹோக்லி பிடு பவி, போனாப் போகுது. புல்லு போட்ட கிரவுண்டு. ஒருத்தி சும்மா உள்ள ஓடினா என்ன குறைஞ்சிடும்?" அவள் சொன்னதில் தப்பில்லை. காலி மனையில் கண்ணாடிச் சில்லு குத்தித் தையல் போட்டவள் அவள்.

மேட்சன்று தலைவர் உங்களை "மகத்தான கோச்" என்றார். பிறகு உங்கள் படத்துக்கு மாலை போட ஒருவர் எழுந்தார். உங்கள் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. கையில் ரோஜா மாலை. என் வலது கால் தானாக நடுங்கியது.

அணி என்னைச் சுற்றி நின்றது. தலைவர் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் வாசிக்க ஆரம்பித்தேன்.

"முதல் பேரு, பவித்ரா. வெளிய. காரணம், கோபம் கால்ல இறங்கிடுச்சு."

சஹனா பக்கம் திரும்பினேன்.

"அடுத்தது சஹனா. வெளிய. காரணம், வந்து ரெண்டு வாரம்கூட ஆகல."

தலைவர் "ஏனம்மா இது?" என்று முன்னால் வந்தார். அதற்குள் சஹனா என் பக்கத்தில் வந்து, "தேங்க்ஸ் அக்கா. நேத்துலேருந்து பயமா இருந்துச்சு" என்று உட்கார்ந்துகொண்டாள். நஸ்ரின் கையுறையை மாட்டிக்கொண்டே "சரி, மேனேஜர்" என்றாள். என்னைத்தான் சொன்னாள். நான் உங்களைத் தேடித் திரும்பிப் பார்த்தேன்.

தோற்றோம். அடுத்த நாளே மைதானத்தின் கேட்டில் புதுப் பூட்டு. மெர்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்று ஞாயிறு, மறுபடி காலி மனை. மெர்சி முதல் ஆளாக வந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலைவர் சித்தப்பாவிடம் சொல்லாமல் சைக்கிளில் சஹனா வந்தாள். முதல் பெயர் அவளுடையதுதான்: "வெளிய. இன்னும் ஷூ கட்டவே தெரியல." வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஜிப்பைத் திறந்து பிப்புகளைக் கொடுத்தேன். கொடுக்கத் தயக்கமாக இருந்தது. ஒரே ஆட்டத்தில் வியர்வை ஏறி, புழுதி ஏறி, உங்கள் வாசனை போய்விட்டது. விசிலை நான்தான் ஊதினேன். மோசமாக ஊதினேன்.

மாலையில் வீட்டில் அத்தனையையும் வாளியில் போட்டு டெட்டாலை விட்டேன். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. அளவு அதிகமாகிவிட்டது போல, கை எரிந்தது. எவ்வளவு விடுவீர்கள் என்று கேட்கப் போனை எடுத்தேன். உங்கள் பெயரைத் தேடி, அதன் மேல் விரலை வைத்தேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று அப்போதுதான் நம்பினேன் அக்கா. போனை வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறுக்காகத் துணியை அலசினேன்.

பவி