நேர்த்தியில் விட்டுப்போனது

மரியன்னை துணை

பன்வில,
22 ஜூன் 1935

அன்பு மிகுந்த அத்தானுக்கு, மார்கிரட் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கால் வீக்கத்தையும் தூக்கமில்லாததையும் விட்டால் நலம்தான். தலைமன்னார் வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நேற்று அத்தையும் நானும் பஸ்ஸில் கண்டிக்குப் போய் டொக்டரைப் பார்த்தோம். முதல் பிள்ளை குறுக்கே கிடந்ததால்தான் வயிற்றை அறுக்க வேண்டி வந்ததாம். இந்தப் பிள்ளைக்குத் தலை கீழே திரும்பிவிட்டது, தழும்பும் நன்றாக ஆறியிருக்கிறது, தானாகப் பிறக்க விட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் பத்து நாள் முன்னாலேயே ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிட வேண்டும். வலியில் தழும்பு பிரிந்துவிட்டால் அந்த நிமிஷமே கத்தி வைக்க வேண்டுமாம். வேண்டாமென்றால் நாள் குறித்து முதலிலேயே அறுத்து எடுக்கலாம், அதிலும் ஆபத்து உண்டு என்றார்.

யோசித்து யோசித்து அலுத்துப்போனேன். வலி வரட்டும், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுபடி மூன்று மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூனி நடக்க என் உடம்பில் தெம்பில்லை.

அத்தைக்குச் சந்தோஷம். கத்தி படாமல் பிறந்தால் வாகாகொட்டை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே வருவதாகத் திருநாளன்று நேர்ந்திருக்கிறார்கள். ஆனால் கத்திக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தாலே நேர்த்தி கெட்டுவிடுமாம். கையெழுத்து வைக்காதே என்று உங்களுக்குத் தனியாக எழுதப்போகிறார்கள்.

போன தடவை தந்தி கிடைத்து, ரயிலேறி, நீங்கள் வந்து கையெழுத்து வைக்கும்வரை காத்துக்கிடந்தோம். பிறந்த மத்தியாஸ் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. ரயில் வர வேண்டிய நேரத்துக்குத்தான் வந்தது.

இன்று செபமாலை சொல்லி முடித்ததும் அத்தையிடம் கேட்டேன். கத்தி படாமல் என்று நேர்ந்தீர்களே, உயிரோடு என்று கேட்டீர்களா என்றேன். “அது அவருக்குத் தெரியாதா புள்ள?” என்று சொல்லி அழுதுவிட்டார்கள். எனக்கும் பாவமாகிவிட்டது. அவர்கள் விட்டதை நான் சேர்த்துக்கொண்டேன். கத்தி பட்டாலும் படாவிட்டாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே நடந்து வருகிறேன் என்று நேர்ந்துவிட்டேன்.

டொக்டர் கொடுத்த சம்மதக் காகிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து வைத்து அடுத்த தபாலிலேயே அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் அது சும்மா கிடக்கட்டும். அந்தோனியாரிடம் நடந்து போக நான் இருக்க வேண்டும், அத்தான்.

உங்கள்,
மார்கிரட்